பாதி டயர், பாதி செயின்: தேரி மணலிலிருந்து கில்கித் வரை

முன்னால் லாரிக்கு இருப்பது போல இரண்டு டயர், பின்னால் டாங்கிக்கு இருப்பது போல இருபுறமும் சுற்றி ஓடும் பட்டை. இரண்டையும் ஒரே சட்டத்தில் பூட்டிய ராணுவ வண்டிக்கு ஹாஃப்-ட்ராக் என்று பெயர். 1920-களில் தொடங்கி இரண்டாம் உலகப் போர் முடியும் வரை பெரிய படைகள் பலவும் இதை நம்பியிருந்தன. போர் ஓய்ந்த பின் பெரும்பாலான படைகள் சில ஆண்டுகளிலேயே கைகழுவிவிட்டன. இன்று ஓடும் நிலையில் இருப்பவற்றில் பெரும்பகுதி, பழைய வண்டிகள் மீது தீராத ஆசை கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தியவை. இந்த வண்டி எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட மணலில் நின்று பார்த்தால் சீக்கிரம் விளங்கும். அதற்கு உடன்குடிப் பக்கம் போவது நல்லது.

திருச்செந்தூரிலிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே வந்தால் குலசேகரன்பட்டினம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் உடன்குடி. வழி நெடுகப் பனைகள். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி இந்தப் பனைகளின் பதநீரில் காய்ச்சியதுதான். ஊரைத் தாண்டி வடக்கே குதிரைமொழிப் பக்கம் போகப் போகத் தரையின் நிறம் மாறுகிறது. செக்கச் சிவந்த மணல் மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. இதைத்தான் இந்தப் பக்கத்து மக்கள் தேரி என்கிறார்கள். மணல் துகள்களின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பைத் தருகிறது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில் இருக்கிறது. பனையும் உடைமரமும் கொல்லாமரமும் மணலைப் பிடித்து வைத்திருக்கும் இடங்களில் தரை ஓரளவு உறுதி. மரம் இல்லாத இடத்தில் ஆனி, ஆடி மாதங்களின் மேல்காற்று மணலை இடம்விட்டு இடம் அள்ளிக்கொண்டு போகிறது.

தேரிகளில் கிடைக்கும் சிறுகற்கருவிகளைப் பற்றித் தொல்லியல் ஆய்வாளர்கள் சோய்னரும் ஆல்சினும் 1956இல் விரிவாக எழுதினார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் காலால் கடந்து பழகிய மண் இது. சக்கரத்துக்குத்தான் இங்கே தொல்லை. லாரியின் டயர் தரையைத் தொடும் இடம் மிகச் சிறியது. வண்டியின் முழுப் பாரமும் அந்தச் சில கையகல இடங்களின் வழியாக இறங்குகிறது. கெட்டித் தரை அதைத் தாங்கிக்கொள்ளும். உலர்ந்த மணலோ விலகிக் கொடுக்கும். ஓட்டுநர் பதறி ஆக்சிலேட்டரை மிதித்தால் டயர் முன்னேறாமல் தனக்குத் தானே குழி பறிக்கும். ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எஞ்சினுக்கு எவ்வளவு சக்தி இருந்தும் பயனில்லை. டயரில் காற்றை இறக்குவது, சக்கரத்துக்கு முன்னால் பனை மட்டையும் ஓலையும் போடுவது என்று மணல் ஊர்க்காரர்கள் செய்யும் எல்லா வைத்தியமும் ஒரே நோக்கம் கொண்டவை: பாரம் இறங்கும் பரப்பைக் கூட்டுவது.

இதே மணலுக்கு இதே வட்டாரத்தில் வேறொரு விடையும் ஒரு காலத்தில் இருந்தது. குலசேகரன்பட்டினத்தில் பனஞ்சீனி ஆலை நடத்திய பாரி கம்பெனி, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருச்செந்தூரிலிருந்து திசையன்விளை வரை குறுகிய இருப்புப்பாதை ஒன்றை ஓட்டியது. 1940இல் அது நின்றுபோனது. தண்டவாளமும் கட்டையும் பாரத்தைப் பரப்பிவிடுவதால் ரயில் மணலில் புதைவதில்லை. ஆனால் போகும் இடமெல்லாம் தண்டவாளம் போட்டாக வேண்டும். பட்டையில் ஓடும் செயின் வண்டியோ தன் தண்டவாளத்தைத் தானே சுமந்து, முன்னால் விரித்து, பின்னால் சுருட்டிக்கொண்டு போகிறது. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினத்தில் இன்று மண் வேலை செய்யும் எந்த மிஷினைப் பார்த்தாலும் இந்தத் தத்துவம் கண்ணில் படும். டயர் வண்டி சாலையில் நிற்கும். செயின் வண்டி மணலுக்குள் இறங்கும்.

முழுவதும் செயினில் ஓடும் வண்டிக்குச் சில சங்கடங்கள் உண்டு. அது மெதுவாகப் போகும், செயின் சீக்கிரம் தேயும், திருப்புவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். லாரி ஓட்டத் தெரிந்தவனே ஓட்ட வேண்டும், சாலையில் லாரி வேகம் வேண்டும், சாலை முடிந்த இடத்திலும் நிற்கக் கூடாது: இந்த மூன்று விருப்பங்களும் சேர்ந்ததில்தான் ஹாஃப்-ட்ராக் பிறந்தது. அதைச் சாதித்தவர் அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். ரஷ்யாவில் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸின் மோட்டார் வண்டிகளைக் கவனித்துக்கொண்டிருந்தவர் அவர். குளிர்காலத்தில் மன்னரின் கார்கள் பனியில் சிக்கின. இரும்புச் செயின் கனம் அதிகம். வளையும் பட்டை ஒன்றைப் பின்சக்கரங்களுக்குப் பதிலாகப் பூட்டினால் கார் பனிமேல் ஓடும் என்று கண்டார். அவர் முறையில் பட்டை பூட்டிய ரோல்ஸ்-ராய்ஸ் ஒன்றைப் புரட்சிக்குப் பின் லெனின் பயன்படுத்தினார். மாஸ்கோவுக்கு அருகில் கோர்க்கி அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

1917 புரட்சிக்குப் பிறகு கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பினார். அவருடைய கண்டுபிடிப்பின் மதிப்பைக் கார் நிறுவனம் நடத்திய ஆந்த்ரே சித்ரோன் புரிந்துகொண்டார். பனிக்குச் செய்த பட்டை மணலுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை சஹாராவில் கிடைத்தது. 1922 டிசம்பர் 17 அன்று அல்ஜீரியாவின் துக்கூர்த்திலிருந்து ஐந்து சித்ரோன் வண்டிகள் தெற்கே புறப்பட்டன. சுமார் இருபது குதிரைத்திறன் மட்டுமே கொண்ட சிறிய எஞ்சின்கள். தலைமை ஜார்ஜ்-மரீ ஆர்ட், துணைக்கு லூயி ஓதுவாங்-துப்ரேய். 'தங்க வண்டு', 'வெள்ளிப் பிறை' என்று வண்டிக்கொரு பெயர் சூட்டியிருந்தார்கள். 1923 ஜனவரி 7 அன்று திம்புக்து போய்ச் சேர்ந்தார்கள். சஹாராவை மோட்டார் வண்டி கடந்தது அதுவே முதல் முறை.

இந்திய மண்ணில் ஹாஃப்-ட்ராக் செய்த பயணம் இதைவிட அரியது. 1931 ஏப்ரலில் ஆர்ட்டின் குழு பெய்ரூட்டிலிருந்து கிளம்பியது. பாரசீகம், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியாவுக்குள் வந்து ஸ்ரீநகரை அடைந்தது. அதே மாதம் சீனாவின் தியன்ஜினிலிருந்து இன்னொரு குழு மேற்கு நோக்கிப் புறப்பட்டது. இரண்டும் மத்திய ஆசியாவில் சந்திக்க வேண்டும். நடுவில் இமயமலை. ஸ்ரீநகரிலிருந்து கில்கித்துக்குப் போகும் 350 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை கோவேறு கழுதைகளுக்கும் சுமைகூலிகளுக்கும் வெட்டியது. வழியில் இருக்கும் புர்சில் கணவாய் 4,000 மீட்டருக்கும் உயரம். அந்தப் பாதையில் அதுவரை எந்த மோட்டார் வண்டியும் போனதில்லை. மற்ற வண்டிகளை ஸ்ரீநகரில் நிறுத்திவிட்டு, தங்க வண்டு, வெள்ளிப் பிறை என்று பழைய பெயர்களையே சூட்டிய இரண்டு வண்டிகளோடு ஜூலை நடுவில் புறப்பட்டார்கள்.

பாதை வண்டியின் அகலமே இருந்த இடங்கள் பல. மரப்பாலம் எடை தாங்காத இடத்தில் சாமான்களை இறக்கி, வெறும் வண்டியைக் கயிறு கட்டி மெல்ல அக்கரை சேர்த்தார்கள். ஓரிடத்தில் தங்க வண்டின் அடியிலேயே பாதையின் விளிம்பு சரிந்தது. ஒரு பக்கப் பட்டை தரையிலும் மறு பக்கம் பள்ளத்தின் மேலுமாக அந்தரத்தில் நின்ற அந்த வண்டியின் படம் பயண வரலாற்றின் புகழ்பெற்ற படங்களில் ஒன்றாகிவிட்டது. கயிறு, ஜாக்கி, கல், ஆள்பலம் எல்லாம் சேர்த்துத்தான் அதை மீண்டும் பாதைக்குக் கொண்டுவந்தார்கள். நிலச்சரிவு பாதையையே விழுங்கிய இடத்தில் வேறு வழியில்லாமல் வண்டியைக் கழற்றினார்கள். எஞ்சின் தனி, சட்டம் தனி, பட்டை தனி, ஆக்சில் தனி. உள்ளூர்ச் சுமைகூலிகள் அவற்றைத் தோளில் ஏற்றி மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே மெக்கானிக்குகள் திரும்பப் பூட்டினார்கள். எஞ்சின் ஓடியது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு வண்டிகளும் கில்கித்தை அடைந்தன. அதற்கு அப்பால் வண்டி போக வழியே இல்லை. குழு குதிரைகளில் ஏறி மலையைக் கடந்து, அக்டோபரில் அக்சுவில் சீனக் குழுவைச் சந்தித்து, அவர்கள் கொண்டுவந்த வண்டிகளில் பயணத்தைத் தொடர்ந்து, 1932 பிப்ரவரி 12 அன்று பெய்ஜிங்கை அடைந்தது. அடுத்த மாதமே ஆர்ட் ஹாங்காங்கில் நிமோனியாவால் இறந்தார். பயணத்தின் பெருமை முழுவதும் தலைவர்கள் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. வண்டியைச் சுமந்த காஷ்மீர, தார்த்து இனக் கூலிகளின் பெயர்கள் யாருக்கும் தெரியாமல் போய்விட்டன. ஹாஃப்-ட்ராக் ஒன்றைப் பிரித்துத் திரும்பக் கோத்து ஓட்டிய இந்த வரலாற்றில் அவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் சமபங்கு உண்டு.

அதே 1931இல் அமெரிக்க ராணுவம் சித்ரோன்-கெக்ரெஸ் வண்டி ஒன்றை வாங்கிச் சோதித்தது. அதிலிருந்து கற்றதை வைத்து கன்னிங்ஹாம் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்கான ஹாஃப்-ட்ராக்கைச் செய்தது. 1940இல் எம்2, எம்3 என்ற இரண்டு வடிவங்கள் முடிவாயின. ஒயிட், ஆட்டோகார், டயமண்ட் டி என்ற மூன்று நிறுவனங்கள் ஒரே வரைபடத்தில் செய்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் எம்5, எம்9 என்ற வடிவங்களைச் செய்தது. அவை பெரும்பாலும் நேச நாடுகளுக்குப் போயின. எல்லா வகையும் சேர்ந்து ஐம்பதாயிரத்துக்கு மேல். எம்3-இன் எடை சுமார் 9 டன். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 147 குதிரைத்திறன். பதின்மூன்று பேர் உட்காரலாம். நல்ல சாலையில் மணிக்கு 72 கிலோமீட்டர் ஓடும். முன் ஆக்சிலுக்கும் எஞ்சின் சக்தி போகும். ரப்பரை எஃகுக் கம்பிகளின் மேல் வார்த்த முடிவில்லாப் பட்டைதான் பின்பக்கம் ஓடும். முன்பம்பரில் சிலவற்றுக்கு உருளை இருக்கும், பள்ளத்தின் கரையில் மூக்கு முட்டாமல் ஏறுவதற்கு. சிலவற்றுக்கு அந்த இடத்தில் விஞ்ச் இருக்கும்.

ஜெர்மானியர்கள் வேறு வழியில் போனார்கள். ஒன்றுக்குள் ஒன்று மாற்றி அடுக்கிய பெரிய சக்கரங்கள், ஒவ்வொரு இணைப்பிலும் பேரிங்கும் எண்ணெயும் வைத்த எஃகுச் செயின், ஸ்டியரிங்கை அதிகம் திருப்பினால் ஒரு பக்கச் செயினைத் தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு. அழகான வேலை. ஆனால் சேறும் பனியும் சக்கரங்களுக்கு இடையே புகுந்து இறுகினால் சுத்தம் செய்யும் மெக்கானிக்கின் பாடு பெரும்பாடு. உள்வரிசையில் ஒரு சக்கரம் கெட்டால் வெளிவரிசையைக் கழற்றாமல் கையே நுழையாது. இந்த வித்தியாசம் இன்றைய மீட்பு வேலையிலும் தொடர்கிறது. அமெரிக்க வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்துவது நடக்கக்கூடிய வேலை. ஜெர்மன் வண்டி பொறுமையையும் பணத்தையும் அதைவிடப் பல மடங்கு கேட்கிறது.

போர் முடிந்ததும் இவை கழிவு ஏலத்துக்கு வந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மரம் இழுக்கவும், பழுதான லாரிகளைக் கட்டி இழுக்கவும், வயலில் உழவும் பயன்படுத்தினார்கள். இஸ்ரேல் ராணுவம் தன் வண்டிகளைப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. செக்கோஸ்லோவாகியா ஜெர்மன் வடிவத்தையே திருத்தி டீசல் எஞ்சின் வைத்து 1960-களின் தொடக்கம் வரை செய்தது. ஜெர்மன் வண்டி போல உருமாற்றிக் காட்ட விரும்புகிறவர்கள் இன்று தேடுவது அந்தச் செக் வண்டியைத்தான். மற்றவை காயலான் கடைக்குப் போயின. போரில் பிழைத்த இரும்பு உருக்காலையில் செத்தது.

களஞ்சியத்திலும் காட்டோரத்திலும் தப்பிக் கிடந்த ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் முதல் வேலை அது யார் என்று கண்டுபிடிப்பது. பெயர்த் தகடு பெரும்பாலும் இருக்காது. யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பின்பக்க மூலைகள் கூராக மடிந்திருந்தால் எம்3. வளைந்து திரும்பினால் எம்5. முன் மட்கார்டு குவிந்து வளைந்தால் ஒயிட் அல்லது அதன் கூட்டு நிறுவனங்கள். தட்டையாக இருந்தால் இன்டர்நேஷனல். தகடுகளை போல்ட் போட்டுப் பூட்டியிருந்தால் ஒரு வகை, வெல்டிங் செய்திருந்தால் மற்றொரு வகை. சட்டத்தில் பதித்த எண்ணைத் தேடிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் பல சமயம் ஒன்றிரண்டு இலக்கமாவது கண்ணில் படும்.

அதன்பின் பெயிண்ட். மொத்தமாகச் சுரண்டி எறிவது பெரும் பிழை என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை மெதுவாகத் தேய்க்க வேண்டும். மேலே பண்ணைக்காரர் பூசிய சிவப்பு, அதன் அடியில் சாம்பல், அதற்கும் அடியில் மங்கிய ஆலிவ் பச்சை, கடைசியாகத் துருத் தடுப்பு. ஓரிடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று தலைகாட்டும். தேய்ப்பை நிறுத்தி அந்தக் கோட்டின் ஓரத்தைத் தொடர்ந்து போனால் நட்சத்திரத்தின் ஒரு முனை தெரியும், அல்லது பதிவெண்ணின் ஓர் இலக்கம். அந்த எண் கிடைத்துவிட்டால் வண்டிக்கு ஜாதகம் கிடைத்த மாதிரி.

கவசத் தகட்டைக் கழற்றுவது அடுத்தது. எம்3-இன் தகடு சுமார் கால் அங்குல கனம். மேல்முகம் மட்டும் கடினமாக்கப்பட்டது. அதை வெல்டிங் செய்தால் சூட்டில் கடினம் போய்விடும், விரிசலும் விழும்; போல்ட் போட்டுப் பூட்டியதற்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு போல்டும் எண்பது ஆண்டுத் துருவில் இறுகியிருக்கும். எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் கேஸ் டார்ச்சால் சூடேற்றித் தட்டித் தட்டித் திருப்ப வேண்டும். தலை முறிந்துவிட்டால் துளை போட வேண்டும். கடினமான முகத்தில் சாதாரண டிரில் பிட் வழுக்கிக்கொண்டு மழுங்கும். புது போல்டின் தலையும் பழையது போலத் திருப்புளிப் பள்ளம் வெட்டியதாக இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். இதை ஒருவர் லேத்தில் கடைந்தால் நூறு பேருக்கு உதவும்.

எஞ்சின் வேலை நம் ஊர் மெக்கானிக் எவருக்கும் புரியக்கூடியது. பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறப்போட்டு, ஃப்ளைவீலைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் வளையம் உடையும். பிரித்த பின் சிலிண்டரை போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, வால்வு தேய்ப்பது, காஸ்கெட் வெட்டுவது எல்லாம் வழக்கமான வேலை. டேங்கில் படிந்த துருவும் பெட்ரோல் கசடும் கார்புரேட்டரை அடைக்கும். டேங்கைச் சுத்தம் செய்யாமல் எஞ்சினை ஓட்டுவது வீண். வயரிங்கின் மேல் நெய்த துணி உறை விரலால் தொட்டாலே உதிரும். முழுவதையும் மாற்றியாக வேண்டும்.

உண்மையான தலைவலி ரப்பர் பட்டை. கம்பியும் ரப்பரும் ஒன்றாக வார்த்த பொருள் அது. ரப்பர் காய்ந்து வெடித்தால் ஈரம் உள்ளே புகுந்து கம்பி துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் நன்றாகத் தெரியும் பட்டை ஓடும்போது அறுந்துவிடும். துண்டு வெட்டி ஒட்ட முடியாது. இதைத் தனி ஒருவர் பட்டறையில் செய்யவும் முடியாது. அச்சு செய்யும் செலவே ஒரு வண்டியின் விலைக்கு மேல் போகும். பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுத்தால்தான் தொழிற்சாலை புதுப் பட்டை வார்க்க முன்வரும். தனியாக எதையும் சாதித்துவிடலாம் என்று நினைக்கும் மனிதரைக்கூடச் சங்கத்தின் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது இந்தப் பட்டைதான்.

சங்கங்கள் அப்படித்தான் வளர்ந்தன. அமெரிக்காவில் ராணுவ வண்டிப் பாதுகாப்புச் சங்கம் 1976இல் தொடங்கியது. ஒருவரிடம் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு இருக்கும். இன்னொருவரிடம் ஒன்றும் இருக்காது, ஆனால் முன் உருளை ஒன்று உபரியாகக் கிடக்கும். மாற்றிக்கொள்வார்கள். போர்க்காலத்தில் ராணுவம் அச்சிட்ட டி.எம். 9-710 என்ற கையேட்டைப் பிரதி எடுத்துக் கைமாற்றுவார்கள். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எத்தனை மைலுக்கு ஒருமுறை எந்தக் கிரீஸ் முனையில் கிரீஸ் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் படத்தோடு இருக்கிறது. பதினெட்டு வயதுச் சிப்பாய் படித்துப் புரிந்துகொள்ள எழுதிய புத்தகம் என்பதால் எளிமை அதன் பெரிய பலம். கையேட்டில் இல்லாத அறிவு ஆட்களிடம் இருக்கிறது. கியர் மாற்றும்போது வரும் ஒரு குறிப்பிட்ட உறுமலைக் கேட்டே எந்த பேரிங் போயிற்று என்று சொல்லும் முதியவரை எந்தப் புத்தகமும் ஈடுசெய்யாது.

இந்தக் கூட்டு முயற்சியின் மிக அழகான எடுத்துக்காட்டு பிரான்சில் நடந்தது. சித்ரோன் நிறுவனம் தன் நூற்றாண்டை 2019இல் கொண்டாடியபோது, சஹாராவைக் கடந்த தங்க வண்டை அச்சு அசலாக மறுபடியும் செய்யும் வேலையில் பொறியியல் மாணவர்களும் பழைய வண்டி ஆர்வலர்களும் நிறுவனமும் கைகோத்தார்கள். அசல் வண்டியை அளந்து, முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, பாகம் பாகமாக வரைந்து உருவாக்கினார்கள். வெள்ளிப் பிறையின் மறுபிறப்பும் பின்னால் தொடர்ந்தது. நூறு ஆண்டுக்கு முந்தைய மெக்கானிக்குகளின் கைவேலையை இருபது வயதுப் பிள்ளைகள் அளவெடுத்துக் கற்றார்கள். எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் தராத கல்வி அது.

இந்தியாவில் போர்க்காலத்து வண்டி என்றவுடன் நினைவுக்கு வருவது ஜீப்தான். மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இங்கே பூட்டத் தொடங்கியதால் அதன் பாகங்களும் அதைத் தெரிந்த மெக்கானிக்குகளும் தமிழ்நாட்டில் தலைமுறை தாண்டி நிலைத்துவிட்டார்கள். ஹாஃப்-ட்ராக்குக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. செயின் வண்டிப் பொறியியல் இங்கே ஆவடியில் வேர்விட்டது. 1965இல் அங்கிருந்துதான் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பழைய கவச வண்டிகளைத் தேடிச் செல்பவர்கள் மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் (பழைய அகமதுநகர்) போக வேண்டும். அங்குள்ள டாங்கி அருங்காட்சியகம் 1994இல் அமைந்தது. சென்னையில் பழைய கார்க்காரர்களின் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் இருக்கிறது. ஐம்பது ஆண்டு கடந்த சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 'விஏ' எழுத்துகள் கொண்ட எண், 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டுச் செல்லுபடி. பட்டையில் ஓடும் ஒன்பது டன் கவச வண்டி அந்த விதியின் கண்ணில் படவே இல்லை. ராணுவ வண்டிகளுக்கும் இப்படி ஒரு வழி திறந்தால் பழைய கழிவு வண்டிகளில் மிஞ்சியவை உருக்காலைக்குப் போகாமல் தப்பும்.

வேலை தெரிந்த கைகளுக்குத் தூத்துக்குடிக் கரையில் பஞ்சமில்லை. விசைப்படகின் டீசல் எஞ்சினைப் பிரித்துக் கோக்கிறவர்கள் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறார்கள். தேய்ந்த ஷாஃப்டுக்கு லேத்தில் புது உயிர் கொடுக்கும் பட்டறைகள், ரப்பரைச் சூட்டில் ஒட்டும் வல்கனைசிங் கடைகள், வரைபடமே இல்லாமல் தோணிக்கு வங்கு வளைக்கும் ஓடாவிகள் என்று பட்டியல் நீளும். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிய தோணிகளைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டியவர்கள் இவர்கள். பழைய பொருளைத் தூக்கி எறியாமல் சரிசெய்து ஓட்டுவது இந்தக் கரையில் பொழுதுபோக்காக இருந்ததில்லை, பிழைப்பாக இருந்தது. மேல்நாட்டு ஆர்வலர் கையேட்டில் தேடிக் கற்கும் பல வேலைகள் இங்கே அப்பன் பிள்ளைக்குக் கைப்பழக்கமாகத் தந்தவை.

மீட்டெடுத்த வண்டியைக் காப்பது தனி வேலை. உப்பளங்கள் நிறைந்த இந்தக் கரையின் காற்று எந்த இரும்புக்கும் பகை. கவசத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்குகளில் உப்பு ஈரம் தங்கினால் பெயிண்ட் மேலே பளபளக்க, உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே பூட்டும்போதே ஒவ்வொரு மடிப்பிலும் துருத் தடுப்புப் பூச்சும் கிரீஸும் வைக்க வேண்டும். கடற்கரை மணலில் ஓட்டினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பட்டையை வெயிலில் விடக் கூடாது. ரப்பருக்கு வெயிலைவிடக் கெட்டது இல்லை. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் சட்டத்தைக் கட்டை கொடுத்துத் தூக்கிப் பட்டையின் பாரத்தைக் குறைக்கலாம். மாதம் ஒருமுறையாவது எஞ்சின் முழுச் சூடு ஏறும் வரை ஓட வேண்டும், இல்லையென்றால் சைலன்சரில் தங்கும் நீர் உள்ளிருந்து அரிக்கும். இருபுறப் பட்டைகளின் இறுக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், பட்டை வழிகாட்டிப் பற்களிலிருந்து நழுவும். பின்சக்கரத்தின் இறுக்கும் போல்டைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிப் பார்த்து இரண்டையும் சமன் செய்த பிறகே வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.